ரயில் மேட்டில் புதைத்தது

எங்கள் தெருவுக்குப் பின்னால் மறுபடியும் ரயில் வரப்போகிறது என்ற செய்தியை என் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். சாயங்காலம் வந்து கை கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "காண்ட்ராக்டுல டிப்பர் ஓட்ட ஆள் கேக்குறாங்க. நாளையிலேருந்து போறேன்" என்றார்.

"எங்க?"

"இங்கதான். போடி வரைக்கும் மேடு போடப் போறாங்க. கிராவல் அடிக்கணும்."

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அதை இறக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நம்ம வீட்டுக்குப் பின்னாடியுமா?"

"பின்னாடியுந்தான்."

அந்த இடத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்து ஏழு வருசம் ஆகியிருந்தது.

நான் கல்யாணமாகிப் போடிக்கு வந்தபோது பழைய சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மறு வருசமே பாதையை அகலமாக்கப் போகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. மேடு மட்டும் கிடந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் முளைத்து ஆள் உயரத்துக்கு வந்தது. ஆடு மேய்ந்தது. குப்பையைக் கொட்டினார்கள். "இனிமே எங்க ரயிலு வரப்போகுது" என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. நாங்களும் அதை நம்பினோம். நம்பாமல் இருந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டோம்.

அப்போது அவருக்குச் சொந்தமாக ஒரு ஜீப்பு இருந்தது. விடியுமுன்னே சிலமலையிலும் போடியிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கூட்டிவருவார். நானும் அதில் ஒருத்தி. செடிக்கு அடியில் குத்தவைத்து, தரையில் படர்ந்து கிடக்கும் சரத்திலிருந்து காய் எடுக்கிற வேலை. ஏழாம் மாசம் வரை போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லத்தான் செய்தார். "இந்தக் காய் முடியட்டும், நிப்பாட்டிக்கிறேன்" என்று சொன்னது நான்.

அன்றைக்கு இறங்கி வரும்போது மலையில் மழை. ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவில் பாறை உருண்டு கிடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஜீப்பு வழுக்கிக்கொண்டு போய் ஓரச் சுவரில் இடித்து நின்றது. யாருக்கும் பெரிய அடியில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் குறுக்குக் கம்பி வயிற்றில் இடித்தது. அவர் இறங்கி ஓடி வந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, வண்டிய எடுங்க" என்றேன். மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சமாக இருந்தது.

நாலு நாள் கழித்து வலி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரோடுதான் பிறந்தது. பெண் பிள்ளை. ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் நர்சு வந்து என் தோளைத் தொட்டாள். அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னை இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். இருக்க மாட்டேன் என்று அழுதேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிவந்தார்கள். ராசிங்காபுரத்திலிருந்து என் அண்ணன் வந்துவிட்டிருந்தார். சுடுகாடு ஆற்றுக்கு அக்கரையில். மூன்று நாளாக மலையில் பெய்த மழையில் கொட்டகுடி ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக் கடக்க முடியாது.

"சுத்திப் போனா அந்தப் பாதையும் சேறு. இவளையும் இப்பிடி வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் பாக்குறது, மாப்ளே?" என்று அண்ணன் கேட்டது உள்ளறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"பின்னாடி மேட்டோரத்துல வச்சிருவோமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி. வீட்டுப் பக்கத்துலயே இருக்கட்டும்" என்றார்.

சுற்றுவதற்குத் துணி கேட்டார்கள். பெட்டியைத் திறந்து என் பச்சை நைலக்ஸ் சேலையை எடுத்துக் கொடுத்தேன். வழவழப்பாக இருக்கும், பிள்ளைக்கு உறுத்தாது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம் பின் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாய் தோண்டாமல் இருக்க அண்ணன் மேலே கல்லை அடுக்கி, முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். பேர் வைக்கவில்லை. பேர் வைக்கிற அளவுக்கு நாள் ஆகவில்லை.

ஆறே மாசத்தில் அவர் ஜீப்பை விற்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் லாரிக்கு டிரைவராகப் போனார். நான் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பஜாரில் ஏலக்காய் மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கப் போனேன். வெளுத்த காய், வெடித்த காய், பச்சைக் காய் என்று தட்டில் பிரிக்கிற சோலி. கிட்டங்கிக்குக் குறுக்கு வழி அந்த மேட்டின் மேல்தான். போகும்போதும் வரும்போதும் அந்தக் கல்லைப் பார்ப்பேன். நிற்க மாட்டேன். ஒரு தடவை யாரோ அங்கே ஆட்டுக்கு முளை அடித்திருந்தார்கள். அதைப் பிடுங்கித் தள்ளி அடித்துவிட்டு வந்தேன். எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. டாக்டர்கள் எங்கள் இரண்டு பேரிடமும் குறையில்லை என்றார்கள்.

அவர் வேலையில் சேர்ந்த மறு வாரமே எங்கள் பக்கம் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டு போனார்கள். பழைய மேடு அகலம் போதாது, இரண்டு பக்கமும் கூட்டப் போகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குச்சி கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது. அதாவது எங்கள் இடம் மேட்டுக்கு அடியில் போகும். ஜேசிபி வந்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இத்தனை வீட்டு நீளம் என்று நெருங்கி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவரிடம் வாயைத் திறந்தேன். "ஏங்க, அவங்ககிட்டச் சொல்லுங்களேன்."

அவருக்கு எதைப் பற்றி என்று விளங்கியது. "என்னன்னு சொல்ல? ரயில்வே எடத்துல பிள்ளையப் பொதச்சு வச்சிருக்கோம்னா? போலீசு வரும். எப்பிடிச் செத்துச்சு, ஏன் சுடுகாட்டுக்குப் போகலன்னு நோண்டுவாய்ங்க. ஒங்க அண்ணனையும் இழுப்பாய்ங்க."

"அப்ப மிசினு வந்து அள்ளிக்கிட்டுப் போறதா?"

"நான் பாத்துக்கிறேன்."

"எப்பிடிப் பாப்பீங்க?"

"பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் கிட்டங்கிக்குப் போகிற வழியில் சூப்பர்வைசரிடம் நானே போய் நின்றேன். வெளியூர் ஆள். வேப்ப மரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜேசிபி டிரைவரும் எங்கள் தெரு ஆம்பளைகள் நாலைந்து பேரும் நின்றார்கள். வேலை தொடங்கியதிலிருந்து அங்கே வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும்.

"சார், அங்க கல்லு அடுக்கியிருக்குல்ல, அந்த எடத்துல மட்டும் மிசினு விடாம இருக்க முடியுமா?"

"ஏம்மா, கோயிலா?"

"இல்ல சார்."

"பின்ன?"

தெரு ஆம்பளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் பிள்ளையை அங்கே வைத்தது தெரியாது. பிள்ளை தங்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். போலீசு என்று வீட்டுக்காரர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க பொருளு ஒண்ணு அங்க இருக்கு சார்" என்றேன்.

"பொருள்னா?"

"வீட்டுப் பொருளு. ரெண்டு நாளு விட்டீங்கன்னா நாங்களே எடுத்துக்கிருவோம்."

சூப்பர்வைசர் டிரைவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என்னம்மா, புதையலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் என்னவோ நல்ல மனிதர்தான். "சரி, நாளன்னைக்கி வரைக்கும் அந்தப் பக்கம் வர மாட்டோம், எடுத்துக்கங்க" என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முழுக்க, அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் முறையாக வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே காய் பொறுக்கினேன். வீட்டுக்காரர் அலுத்துப்போய் வந்து, சாப்பிட்டதும் படுத்துவிட்டார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் நான் எழும்போது அவர் முதல் லோடுக்குப் போய்விட்டிருந்தார்.

நான் மேட்டில் ஏறியபோது நன்றாக வெயில் வந்துவிட்டது. முதலில் கண்ணில் பட்டது முள். நாங்கள் போட்டு மக்கிப்போய், அதன் மேல் புதிதாக முளைத்திருந்த முள் எல்லாம் வெட்டித் தூரப் போட்டுக் கிடந்தது. கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். மூன்று குழி. இரண்டு குழி முழங்கால் ஆழம். ஒன்று இடுப்பளவு. அள்ளிப் போட்ட மண் ஈரமாக இருந்தது.

அந்த ஈர மண்ணில் பச்சையாக ஒரு துணி நீட்டிக்கொண்டிருந்தது.

பருத்தி என்றால் மக்கிப் போயிருக்கும். அது நைலக்ஸ். ஏழு வருசம் மண்ணுக்குள் இருந்தும் சாயம் போகவில்லை. அண்ணன் சேலையைப் பாதியாகக் கிழித்த ஓரம் கூட அப்படியே இருந்தது. துணியை யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்துவிட்டு உதறிப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழக்கூட வரவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டிப்பர் வருகிற சத்தம் கேட்டது.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாருகிட்ட என்னத்தச் சொன்ன?"

சொன்னேன். பொருளு என்று சொன்னதை அப்படியே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. குழிக்குள் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே கிடந்த மண்ணைக் கை கையாக அள்ளி விரலால் அலசினார். நெடுநேரம் அலசினார். ஏதாவது அகப்பட்டதா என்று நான் இன்று வரை கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் குழியில் விரித்து என்னவோ வைத்து மடித்ததை மட்டும் பார்த்தேன். பிறகு கையை நீட்டினார். நான் சேலைத் துணியைக் கொடுத்தேன். அதையும் மேலே போர்த்தினார்.

"மண்ணத் தள்ளு" என்றார்.

இரண்டு பேரும் கையாலேயே தள்ளினோம். குழி நிரம்பியதும் கல்லை எடுத்து அடுக்கப் போனேன்.

"வேணாம். கல்ல வச்சா மறுபடியும் தோண்டுவாய்ங்க. தள்ளிப் போ."

வண்டியில் ஏறி, பின்பக்கமாக ஓட்டிவந்து நிறுத்தி, தொட்டியைத் தூக்கினார். கிராவல் முழு லோடும் சரிந்து விழுந்தது. செம்மண் புழுதி அடங்க நேரம் ஆனது. அடங்கியபோது அங்கே குழியும் இல்லை, கல்லும் இல்லை. மலை மாதிரி மண் கிடந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யோவ், யாரைக் கேட்டு இங்க கொட்டுன? வேர் எடுக்கல, தரை சமம் பண்ணல..."

"கொட்டிட்டேன் சார்."

"அள்ள வேண்டியதுதான். ஜேசிபியக் கூப்புடு."

அவர் வண்டியிலிருந்து இறங்கி சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார். சத்தம் போடவில்லை. "சார், எங்க பிள்ள சார் அது. பொறந்து ரெண்டாம் நாளு போயிருச்சு. அள்ளாதீங்க."

போலீசு வரும் என்று என்னைத் தடுத்தவர், நான் சொல்லக் கூசிய சொல்லை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். என் கை முழங்கை வரை மண். "அம்மா, நீங்க நேத்தே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஜேசிபி டிரைவரைப் பார்த்து, "அந்தப் பக்கம் போய் வேலையப் பாரு" என்றார். போலீசும் வரவில்லை, யாரும் வரவில்லை. இரண்டு வாரத்தில் அந்தக் குவியலைப் பரப்பி, மேலே இன்னும் மண் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் விட்டார்கள். ரோலர் ஓடிய மூன்று நாளும் நான் ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன்.

தெருவில் கதை வேறு மாதிரி ஓடியது. தங்கம் இருந்தது, யாரோ தோண்டப் போக, புருசனும் பொண்டாட்டியும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள், தடம் தெரியாமல் இருக்கத்தான் மண்ணைக் கொட்டினான் என்று பேசினார்கள். தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது ஒருத்தி என் கழுத்தை உற்றுப் பார்த்தாள். கிட்டங்கியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற அக்காவும் ஒரு நாள் கேட்டுவிட்டார். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற முஸ்லிம் வீட்டு அக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"ஏ புள்ள, ஊரெல்லாம் ஒண்ணு சொல்றாங்களே. நெசமா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அக்காவின் கை காயிலேயே நின்றுவிட்டது.

"யா அல்லா" என்றார். என் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நாலு வீடுதான தள்ளி இருக்கேன். நான் வந்து நின்னுருப்பேன்ல அந்த ஆளுகிட்ட" என்றார்.

அவர் வந்து நின்றிருப்பார்தான். எனக்குத்தான் ஏழு வருசத்தில் ஒரு நாளும் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா தெருவில் உண்மையைச் சொல்லிவிட்டார் போல. பேச்சு அடங்கியது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழாயடியில் எனக்கு முதலில் இடம் விட்டார்கள். முன்னே தங்கம் என்று பேசினார்களே, அதை விட இது கஷ்டமாக இருந்தது.

தோண்டியது யார் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"தெரியும்" என்றார். "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீ இங்கதான குடியிருக்கணும்."

நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அதிலிருந்து அன்றைக்கு மரத்தடியில் சிரித்த நாலைந்து பேரில் யாரைப் பார்த்தாலும் கையைத்தான் பார்க்கிறேன். எவன் கை அந்தத் துணியை உதறியது என்று பார்க்கிறேன். கோயிலில் திருநீறு பூசுகிற கை, பிள்ளையைச் சைக்கிளில் தூக்கி வைக்கிற கை, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சில நாள் அவர்கள் மேல் வருகிற கோபம் என் மேல் திரும்பிவிடும். "பிள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஜல்லி கொட்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள். முதலில் எஞ்சின் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு நாள் பூமாலை போட்டுக்கொண்டு ரயிலே வந்தது. ஊரே ஸ்டேசனில் இருந்தது. வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். பெரியவர்கள் கண் கலங்கி நின்றதாக அக்கா சொன்னார். அவர்கள் பன்னிரண்டு வருசமாகக் காத்துக்கிடந்தவர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மதுரைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கும் தெரியும். நான் பின்கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தேன். பாத்திர அலமாரி லேசாக அதிர்ந்தது.

அவர் அதற்கு முன்னமே டிப்பரை விட்டுவிட்டார். இன்னொருத்தர் ஜீப்பை எடுத்து மறுபடியும் போடிமெட்டுக்கு ஓட்டுகிறார். அந்த வளைவை எப்படிக் கடக்கிறார் என்று தெரியவில்லை. நான் அந்த ஜீப்பில் ஏறியதில்லை. இப்போது மேட்டின் மேல் நடக்கவும் கூடாது. கிட்டங்கிக்கு ரோட்டைச் சுற்றித்தான் போகிறேன்.

போன வருசம் அண்ணனுக்குக் கண் ஆபரேசன். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று அண்ணி போன் போட்டாள். பஸ்சில் போகலாம் என்றுதான் கிளம்பினேன். "ரயிலுலயே போ. பஸ்சுல இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று அவரே சொல்லி, ஸ்டேசனில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. வாசலோடு திரும்பிவிட்டார்.

சாயங்கால வண்டி. கூட்டம் இருந்தாலும் ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் தெருவின் பின் சுவர்கள் வர ஆரம்பித்தன. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஏதோ கேட்டாள். "எங்க போறீங்க?" என்றாளோ என்னவோ. எங்கள் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பின்கதவு தெரிந்தது. கொடியில் அவருடைய சட்டை தொங்கியது. பிறகு அடுத்தவர் வீடு, அதற்கடுத்த வீடு, தென்னந்தோப்பு. அவ்வளவுதான். நான் காலை எடுத்து இருக்கையின் மேல் மடித்து வைத்திருந்தேன் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "வண்டியில இருந்து பாத்தா தெரியுதா?" என்றார்.

"வீடு தெரியுது. அது தெரியாது. நமக்கு அடியிலதான இருக்கு."

"ம்" என்றார்.

மோர் ஊற்றினேன். குடித்துவிட்டுக் கை கழுவினார். மறுநாள் மலைக்கு ரெண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது, வெரசா எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.